மெட்டல் பிரிண்டர் வாங்கணுமா? ஓர் இன்கோனல் பாகத்தை வைத்து ஒரு கணக்கு

"அண்ணா, ஒரு என்கொயரி வந்திருக்குதுங்க. இன்கோனல். டிராயிங்கைப் பார்த்தா மெட்டல் பிரிண்டர் வாங்கித்தான் ஆகோணுமாட்ட இருக்குதுங்க. பேங்க்ல பேசட்டுங்களா?"

கோவை கணபதியில் பட்டறை வைத்திருக்கும் தம்பி ஒருவர் போன மாதம் இப்படித்தான் பேச்சை ஆரம்பித்தார். அவரிடம் இரண்டு விஎம்சி (கணினி ஓட்டும் மில்லிங் மெஷின்), ஒரு சிஎன்சி லேத், மின்பொறியால் உலோகத்தை அரிக்கும் ஒரு ஸ்பார்க் மெஷின், அதே பொறியை மெல்லிய வயரில் வைத்து அறுக்கும் இரண்டு வயர்கட் இருக்கின்றன. பம்பு உதிரியும் டை வேலையும்தான் இத்தனை காலம் சோறு போட்டவை. 2019-இல் தமிழ்நாடு பாதுகாப்புத் தொழில் வழித்தடம் தொடங்கியது. சென்னை, ஓசூர், சேலம், திருச்சியோடு கோவையும் அதில் ஒரு முனை. அதற்குப் பிறகு இந்த மாதிரி டிராயிங்குகள் சின்னப் பட்டறைகளின் வாசலுக்கும் வருகின்றன. வரவேண்டும் என்று நான் மனதார ஆசைப்படுகிறவன். அதனால்தான் கடன் பேசுவதற்கு முன் ஒருநாள் உட்கார்ந்து பேசுவோம் என்றேன். அன்று பேசியதைத்தான் இங்கே விரித்து எழுதுகிறேன். இதே கேள்வி இன்னும் பலரிடம் இருக்கும்.

பாகம் இதுதான். இன்கோனல் 718, அதாவது சூட்டைத் தாங்கும் நிக்கல் கலவை. விட்டம் 90 மி.மீ., உயரம் 120 மி.மீ. உடம்புக்குள் 5 மி.மீ. அளவில் இரண்டு வழிகள் வளைந்து ஓடுகின்றன. ஒரு முகத்திலிருந்து அந்த வழிகளுக்குள் சாய்வாக இறங்கும் 24 துளைகள், ஒவ்வொன்றும் 0.6 மி.மீ. பக்கவாட்டில் 0.4 மி.மீ. அகலத்தில் ஒரு ஸ்லாட். ஆண்டுக்கு 40 எண்ணம் வேண்டும்.

நான் அவரிடம் மெஷின் கேட்டலாக்கை மூடி வைக்கச் சொல்லிவிட்டு, டிராயிங்கைப் பார்த்து இரண்டே கேள்வி கேட்கச் சொன்னேன். எந்த இடத்துக்கு எந்த டூலும் போய்ச் சேர முடியாது? எந்தப் பரப்பில் எப்படிப்பட்ட தோல் மிச்சமாக இருந்தால் பாகம் தாங்கும்? முதல் கேள்வி பல வழிகளை அடைத்துவிடும். இரண்டாவது கேள்வி, மிச்சமிருக்கும் வழிகளில் எது விலைபோகும் என்று சொல்லும். இரண்டாவதைக் கேட்காமல் கொட்டேஷன் கொடுத்துவிட்டு, பாகம் திரும்பி வந்த பிறகு தலையில் கை வைத்தவர்களை எனக்குத் தெரியும். நானும் ஒருமுறை அப்படி நின்றிருக்கிறேன்.

வெட்டினால் என்ன?

718 வெட்டவே முடியாத உலோகம் இல்லை. லேத்திலும் மில்லிங்கிலும் தினமும் வெட்டுகிறார்கள். ஆனால் அது வெப்பத்தைக் கடத்தாது. சாதாரண கார்பன் ஸ்டீல் கடத்துவதில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்குதான். சூடு சிப்பில் போகாமல் டூலின் நுனியிலேயே உட்கார்ந்துகொள்ளும். போதாததற்கு, டூல் தேய்க்கத் தேய்க்க வெட்டும் பரப்பே இறுகிப்போகும். கார்பைடு வைத்து நிமிடத்துக்கு 30 மீட்டர் பக்கம் ஓட்டுவதே பெரும்பாடு. 0.6 மி.மீ. டிரில்லை இதில் சாய்வாக இறக்கினால் 24-இல் எத்தனையாவது துளையில் முறியும் என்பதுதான் கேள்வி. முறிந்த டிரில்லை எடுக்கக் கடைசியில் ஸ்பார்க் மெஷினுக்குத்தான் போகவேண்டும்.

வெளி உருவத்தைத் திருப்புவது, முகங்களை மில் செய்வது, இழை போடுவது எல்லாம் வெட்டும் வேலையாகவே இருக்கட்டும். நம் கேள்வி துளைகளும் ஸ்லாட்டும் உள்வழிகளும்தான்.

பொறி வைத்து அரிப்பது

1943-இல் மாஸ்கோவில் லாசரென்கோ தம்பதியிடம் ஒப்படைக்கப்பட்ட வேலை, டங்ஸ்டன் மின்தொடுப்புகள் பொறியால் அரித்துப்போவதைத் தடுப்பது. தடுக்க முடியவில்லை. அந்த அரிப்பையே அளந்து, அடக்கி, உலோகத்தைச் செதுக்கும் முறையாக மாற்றிவிட்டார்கள். இன்று நம் ஊரில் தெருவுக்குத் தெரு ஓடும் ஸ்பார்க் மெஷினின் பிறப்பு அதுதான்.

பொறிக்கு உலோகத்தின் கடினம் ஒரு பொருட்டே இல்லை. மின்சாரம் கடத்தினால் போதும், உருக்கி எடுத்துவிடும். 718-ஐ உலைச்சூட்டில் முழுதாக ஏஜிங் செய்து இறுக்கிய பிறகும் அரிக்கலாம். ஹீட் ட்ரீட்மென்டில் அளவு நகருமே என்ற கவலை இல்லாமல் கடைசிக் கட்டத்தில் துளை போடலாம் என்பதுதான் இதில் எனக்கு மிகவும் பிடித்த வசதி.

ஸ்லாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். 0.25 பித்தளை வயர் ஓட்டினால் இருபுறமும் பொறி இடைவெளி சேர்ந்து சுமார் 0.3 மி.மீ. வெட்டு விழும். 0.4 ஸ்லாட் தாராளமாக வரும். தம்பியிடம் இருப்பது மாலிப்டினம் வயர் மெஷின். ஒரே வயர் முன்னும் பின்னும் ஓடும், 0.18 வயர். அதிலும் ஸ்லாட் வரும். ஆனால் வயர் தேயத் தேய அளவு நகரும், வெட்டிய பரப்பும் சொரசொரப்பாக இருக்கும். டையில் இதைப் பொறுத்துக்கொள்வார்கள். இந்தப் பாகத்தில் ஸ்லாட்டின் டாலரன்ஸ் 0.05 என்று இருந்ததால், கவனமாக ஓட்டினால் அவர் மெஷினே போதும் என்று சொன்னேன். 0.01 கேட்டிருந்தால், வயரை ஒருமுறை மட்டுமே ஓட்டும் பித்தளை வயர் மெஷினில் இரண்டு, மூன்று ஸ்கிம் கட் (மேலாகச் சீவும் வெட்டு) எடுத்தாக வேண்டும்.

சாய்துளைகளுக்கு ஈடிஎம் டிரில் (பொறி வைத்து அரிக்கும் முறைக்குத்தான் ஈடிஎம் என்று பெயர்). நம் ஊரில் வயர் கோர்க்கும் முன் ஸ்டார்ட் ஹோல் போட வைத்திருக்கும் அதே மெஷின்தான். பித்தளைக் குழாய் சுழன்றபடியே இறங்க, அதன் நடுவில் தண்ணீர் பாய்ந்து கரியை வெளியே தள்ளும். விட்டத்தைப்போல பல பத்து மடங்கு ஆழம் போகும். நிமிடக் கணக்கில் ஒரு துளை முடியும். இங்கே ஒரு சிக்கல் உண்டு. துளை உள்வழிக்குள் திறந்துகொள்ளும் நொடியில் தண்ணீர் முழுதும் உள்ளே ஓடிவிடும். நுனியில் தண்ணீர் இல்லாமல் பொறி தாறுமாறாகும். நிறுத்தத் தவறினால் எதிர்ச்சுவரிலும் பொறி அடித்துக் குழி போடும். அந்தக் குழி வெளியிலிருந்து கண்ணுக்குத் தெரியாது. துளை திறந்ததைத் தானே உணர்ந்து நிற்கும் கன்ட்ரோல் உள்ள மெஷினில்தான் இந்த வேலையைச் செய்யவேண்டும்.

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருகிறேன், தோல். பொறி உருக்கியதில் ஒரு பகுதி வெளியே போகாமல் அங்கேயே மறுபடி உறைந்து ஒட்டிக்கொள்ளும். பட்டறையில் ஒயிட் லேயர் என்கிறோம். ரஃப் கட்டில் பத்து இருபது மைக்ரான் வரையும், நல்ல ஃபினிஷில் சில மைக்ரானும் இருக்கும். இழுவிசை உறைந்து நிற்கும் தோல் அது, நுண்விரிசல்களும் இருக்கலாம். பித்தளை வயரிலிருந்து செம்பும் துத்தநாகமும்கூட அதில் கலந்திருக்கும். டையில் இதை பாலிஷ் போட்டுக் கடந்துவிடுகிறோம். சுடச்சுட அதிரும் இன்ஜின் பாகத்தில் விரிசல் புறப்படும் இடமே அதுதான். அதனால்தான் விமானத் துறை வாடிக்கையாளர்கள் இந்தத் தோலுக்கு மைக்ரானில் வரம்பு வைக்கிறார்கள், சில பரப்புகளில் இருக்கவே கூடாது என்கிறார்கள். விமானத் துறையின் செய்முறைத் தணிக்கையான நாட்கேப் அங்கீகாரத்தில் ஈடிஎம், ஈசிஎம் (அடுத்துச் சொல்லப்போகும் மின்வேதி முறை), லேசர் மூன்றும் ஒரு தனித் தலைப்பாகவே தணிக்கைக்கு வருவதும் இதனால்தான். "டாலரன்ஸ் வந்துடுச்சுங்ணா" என்று தம்பி சந்தோஷப்பட்டபோது, டிராயிங்கின் மூலையில் சின்ன எழுத்தில் ரீகாஸ்ட், அதாவது மறுபடி உறைந்த இந்தத் தோல் பற்றி ஏதாவது நோட் இருக்கிறதா என்று பார்க்கச் சொன்னேன். இருந்தது.

பொறியால் முடியாதது ஒன்றே ஒன்று: வளைந்த உள்வழி. நேரான குழாய் வளைந்து போகாது.

உப்புநீர் வைத்துக் கரைப்பது

ஈசிஎம் என்ற மின்வேதி முறையை நம் பக்கம் அதிகம் பேர் பார்த்ததில்லை. எலக்ட்ரோபிளேட்டிங்கைத் தலைகீழாகப் போட்டால் அதுதான். பாகம் நேர்முனை, டூல் எதிர்முனை. நடுவில் பத்தில் சில மி.மீ. இடைவெளியில் சோடியம் நைட்ரேட் கரைசல் வேகமாகப் பாயும். வோல்டேஜ் பத்து, இருபதுதான். ஆம்பியர் ஆயிரக்கணக்கில். உலோகம் அணு அணுவாகக் கரைந்து போகும். ஃபாரடே விதிப்படி கணக்குப் போட்டால் ஆயிரம் ஆம்பியருக்கு நிமிடத்துக்கு ஏறத்தாழ 2 கன செ.மீ. நிக்கல் கரையும். டூல் தேயவே தேயாது. சூடு இல்லை, உறைந்த தோல் இல்லை, உள்ளே இழுவிசை இல்லை, பிசிறும் இல்லை. பரப்பு பளிச்சென்று வரும்.

நம் இரண்டாவது கேள்விக்கு இதைவிட நல்ல பதில் எந்த முறையிலும் கிடையாது. ஜெர்மனியின் எம்டியூ நிறுவனம் விமான இன்ஜின் கம்ப்ரஸரில் தட்டும் இறகுகளும் ஒரே துண்டாக வரும் நிக்கல் பிளிஸ்க்குகளை இதன் துடிப்பு வடிவத்தில்தான் செய்கிறது. பிலிப்ஸ் ஷேவரின் தலைகளும் இந்த வழியில் வந்தவையே. இந்த இரண்டு உதாரணத்திலும் உள்ள பொதுத்தன்மையைக் கவனியுங்கள். ஒரே உருவம், மறுபடி மறுபடி. ஈசிஎம்மில் டூலின் உருவத்தை முதல் தடவையில் யாரும் சரியாகச் செய்வதில்லை. கரைசல் எங்கே வேகமாக ஓடுகிறது, எங்கே தேங்குகிறது, எங்கே சூடாகிறது என்பதைப் பொறுத்து இடைவெளி மாறும். செய்து பார்த்து, அளந்து, டூலைத் திருத்தி, மறுபடி செய்து பார்க்கவேண்டும். அந்தச் செலவை ஆயிரக்கணக்கான பாகத்தின் மேல் பரப்பலாம். நாற்பதின் மேல் ஏற்றினால் விலை எங்கேயோ போய்விடும்.

இன்னொரு காரணம் எனக்கு இதைவிடப் பெரியது. கரைந்த உலோகம் மாயமாகிவிடாது, ஹைட்ராக்சைடு சகதியாக வெளியே வரும். 718-இல் குரோமியம் பதினெட்டு சதவீதம் பக்கம் இருக்கிறது. நைட்ரேட் கரைசலில் அதில் ஒரு பங்கு ஆறிணைதிறக் குரோமியமாக மாறும். அது நஞ்சு, புற்றுநோய் தருவது. 2011-இல் கழிவுநீரைச் சுத்தமாக நிறுத்தாத திருப்பூர்ச் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லி சென்னை உயர்நீதிமன்றம் உத்தரவிட்டதை நம் பகுதியில் யாரும் மறந்திருக்க முடியாது. நொய்யலுக்கு என்ன ஆனது என்று பார்த்த ஊர் இது. சகதியை வடித்து, குரோமியத்தைக் குறைத்து, உரிமம் உள்ள இடத்தில் ஒப்படைக்கும் ஏற்பாடு இல்லாமல் ஈசிஎம் மெஷினை மட்டும் இறக்குவது தவறு. மெஷினைப்போலவே அந்த ஏற்பாட்டுக்கும் இடமும் பணமும் ஒதுக்கித்தான் கணக்குப் போடவேண்டும்.

ஆனால் ஈசிஎம்மை முழுதாக ஓரம் கட்டவேண்டாம். ஈடிஎம் போட்ட துளையின் ஒயிட் லேயரை மட்டும் மின்வேதியால் சில மைக்ரான் கரைத்து எடுக்கும் எலக்ட்ரோபாலிஷ் சின்ன வேலை. வெளியே ஜாப் ஒர்க்காகக் கொடுக்கலாம். நம் பாகத்துக்கு அது தேவைப்படும்.

தம்பி லேசர் பற்றிக் கேட்டார். டர்பைன் இறகில் செராமிக் பூச்சுக்கு மேலேயே குளிர்காற்றுத் துளை போடவேண்டுமென்றால் லேசர்தான் வழி. பூச்சு மின்சாரம் கடத்தாது, பொறி அங்கே நிற்காது. நம் பாகத்தில் பூச்சு இல்லை, லேசரும் உருகிய தோலை விட்டுத்தான் போகும். அதனால் அதைத் தள்ளிவைத்தோம்.

அடுக்கடுக்காய் அச்சிடுவது

இனி பிரிண்டர். தூள் படுக்கை லேசர் முறையைத்தான் பெரும்பாலோர் மெட்டல் பிரிண்டிங் என்கிறார்கள். 15 முதல் 45 மைக்ரான் உருண்டைத் தூளை 30, 40 மைக்ரான் தடிமனில் பரப்பி, லேசரால் கோடு கோடாக உருக்கி, மறுபடி பரப்பி, ஆர்கான் நிறைந்த அறைக்குள் ஆயிரக்கணக்கான அடுக்கு. நம் 120 மி.மீ. உயரத்துக்கு மூவாயிரம் அடுக்குக்கு மேல் வரும்.

இந்த முறைக்கு நம் மாநிலத்திலேயே நடந்த ஒரு சாட்சி இருக்கிறது. பிஎஸ்எல்வி ராக்கெட்டின் நான்காம் நிலை இன்ஜின் பிஎஸ்4. வெட்டியும் வெல்டு செய்தும் செய்துவந்ததை இஸ்ரோவின் திரவ உந்துவிசை மையம் அச்சு முறைக்காகவே மறுபடி வடிவமைத்தது. 14 பாகம் ஒன்றானது. 19 வெல்டு போனது. ஓர் இன்ஜினுக்கு 565 கிலோ ஃபோர்ஜிங்கும் தகடும் செலவான இடத்தில் 13.7 கிலோ தூள் போதுமானது. செய்யும் நேரத்தில் அறுபது சதவீதம் மிச்சம். அச்சிட்டது இந்தியாவிலேயே, விப்ரோ 3டி. முதலில் நான்கு சிறு சோதனைகளில் மொத்தம் 74 விநாடி எரித்துப் பார்த்துவிட்டு, 2024 மே 9-ஆம் தேதி திருநெல்வேலி மாவட்டம் மகேந்திரகிரியில் 665 விநாடி ஓட்டினார்கள். அதே மாதம் 30-ஆம் தேதி, சென்னை ஐஐடி வளாகத்தில் வளர்ந்த அக்னிகுல் நிறுவனம் ஒரே துண்டாக அச்சிட்ட அரைக் கிரையோ இன்ஜினோடு ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து தன் முதல் சோதனை ராக்கெட்டை ஏவியது. இரண்டையும் படித்த நாளில் எனக்கு ஏற்பட்ட பெருமையை மறைக்க விரும்பவில்லை. தம்பிக்குப் பிரிண்டர் ஆசை வந்ததும் இந்தச் செய்திகளால்தான்.

ஆனால் அந்த எண்களை இன்னொரு முறை படியுங்கள். பெரிய லாபம் எங்கிருந்து வந்தது? 14 பாகம் ஒன்றானதிலிருந்து, 19 வெல்டு போனதிலிருந்து. ஜிஇ நிறுவனம் லீப் விமான இன்ஜினின் எரிபொருள் நாசிலை அச்சிடத் தொடங்கியபோதும் அதே கதைதான், 20 பாகம் ஒன்றாகி எடை கால்வாசி குறைந்தது. பழைய டிராயிங்கை அப்படியே பிரிண்டரில் போட்டு யாரும் இதைச் சாதிக்கவில்லை. ஒற்றைத் துண்டாக ஏற்கெனவே வெட்ட முடிகிற பாகத்தை அச்சிட்டால், விலையும் ஏறும், பரப்பும் சொரசொரப்பாகும்.

நம் பாகத்தின் வளைந்த உள்வழிகள் நிஜமாகவே அச்சுக்கு ஏற்றவை. 5 மி.மீ. வட்டம் உள்ளே சப்போர்ட் (தாங்குகால்) இல்லாமலே நிற்கும். மேல்கூரை சற்றுத் தொங்கும், அதற்கு வட்டத்தைக் கண்ணீர்த்துளி வடிவமாக்கிக்கொள்ள டிசைனரிடம் அனுமதி கேட்கலாம். 0.6 துளைகளை அச்சில் விடக்கூடாது. பக்கத்துத் தூள் ஒட்டி வாய் அடைபடும், 24 துளையில் 24 அளவு வரும். ஸ்லாட்டும் அப்படியே. அச்சிட்ட பாகத்தில் பத்தில் ஒரு மி.மீ. அளவுக்குத்தான் அளவை நம்பலாம், பொருந்தும் முகங்களில் ஒரு மி.மீ. கூட வைத்து அச்சிட்டுப் பின்னால் மில் செய்யவேண்டும்.

அச்சு முடிந்தவுடன் பாகம் முடிந்துவிட்டது என்று நினைப்பவர்களுக்காக அடுத்து நடப்பதைச் சொல்கிறேன். முதலில் உள்வழியிலிருந்து தூளை முழுக்க ஆட்டி உதிர்க்கவேண்டும். மிச்சமிருந்தால் உலைக்குப் போனதும் உள்ளேயே கட்டியாகிவிடும், பிறகு எடுக்க வழியே இல்லை. அடுத்து, பாகம் ஒட்டி வளர்ந்த பில்ட் பிளேட்டோடு சேர்த்தே ஸ்ட்ரெஸ் ரிலீவ், அதாவது உள் இழுவிசையைத் தளர்த்தச் சூடாக்குவது. அதற்கு முன் பிளேட்டிலிருந்து அறுத்தால் பாகம் வில் மாதிரி நிமிரும். அறுப்பது எதில் தெரியுமா? வயர்கட்டில். அதன்பின் நுண்துளைகளை மூட ஹிப் உலை: ஆயிரத்து நூறு டிகிரிக்கு மேல் சூடு, நூறு மெகாபாஸ்கல் ஆர்கான் அழுத்தம், சில மணி நேரம். பிறகு சொல்யூஷன் எனும் சூட்டுப் பக்குவம், அதன்பின் ஏஜிங், வழக்கமாக 720 டிகிரியில் எட்டு மணி, 620-இல் எட்டு மணி. அப்புறம் மில்லிங், துளை, ஸ்லாட். உள்வழியின் சொரசொரப்பு ஓட்டத்தைத் தடுத்தால் அரைப்புத் துகள் கலந்த பிசினை அழுத்தி ஓடவிட்டு மழமழப்பாக்கவேண்டும். பிரிண்டர் வாங்கியவர் இந்த வரிசையில் முதல் படியைத்தான் வாங்கியிருக்கிறார்.

எலக்ட்ரான் கற்றை முறையும் உண்டு. வெற்றிடத்தில், முன்கூட்டியே சூடாக்கிய தூளில் நடப்பதால் உள் இழுவிசை குறைவு. டைட்டானியம் அலுமினைடு போல விரிசல் விடும் குணமுள்ளவற்றுக்கு அது அருமை. ஆனால் பரப்பு இன்னும் முரடு, 5 மி.மீ. வழியில் அரைகுறையாய் உறைந்த தூளை எடுப்பது கஷ்டம். தேய்ந்த பாகத்தின் மேல் உலோகத்தை ஊதி ஒட்டும் டிஇடி முறை பழுதுபார்க்கும் பட்டறைக்கு நல்ல தொழில், நமக்கு இங்கே தேவையில்லை.

உள்வழிக்கு அச்சு ஒன்றுதான் வழியா என்று தம்பி கேட்டது நல்ல கேள்வி. இல்லை. தகடுகளில் வேதிக்கரைசலால் பள்ளம் அரித்து, ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கி, வெற்றிடச் சூட்டில் அழுத்தி ஒரே கட்டியாக்கும் முறை பல ஆண்டுகளாக வெப்பப் பரிமாற்றிகளில் இருக்கிறது. அமெரிக்க விண்வெளி ஓடத்தின் முதன்மை இன்ஜினில், எரி அறையின் செம்புக் கலவைச் சுவரில் 390 பள்ளம் மில் செய்து, மெழுகு நிரப்பி, மேலே நிக்கலை மின்னாற்பகுப்பில் படியவைத்து மூடினார்கள். ஒன்றை மறைத்து மூடுவது, மறைந்ததைத் தோண்டுவதைவிட எளிது என்று கண்டவர்களின் வழி அது. நம் பாகத்தில் வழிகள் முப்பரிமாணத்தில் முறுக்கிக்கொண்டு போவதால் தகடு அடுக்க வாகில்லை. வழிகள் ஒரே தளத்தில் ஓடியிருந்தால் அச்சைவிட இதைத்தான் முதலில் விசாரிக்கச் சொல்லியிருப்பேன்.

கணக்கு

கட்டிக் கம்பியிலிருந்து வெட்டினால் நம் பாகத்துக்கு 760 கன செ.மீ. சுற்று, ஆறே கால் கிலோ உலோகம். அச்சுக்கு ஏற்றபடி வெற்றிடம் விட்டு வடிவமைத்தால் இரண்டு கிலோ, அதாவது 250 கன செ.மீ. பக்கம் வரும் என்று வைத்துக்கொண்டோம். ஒற்றை லேசர் மெஷின் 718-ஐ மணிக்கு 10 முதல் 20 கன செ.மீ. வேகத்தில் கட்டும். ஒரு பாகத்துக்குப் பன்னிரண்டு முதல் இருபத்தைந்து மணி நேரம். இருபது என்றே எடுத்தால் நாற்பது பாகத்துக்கு 800 மணி. பிரிண்டர் என்பது ஆண்டுக்கு ஐயாயிரம் மணியாவது ஓடினால்தான் வட்டி கட்டும் ஜாதி. வயர்கட் லட்சங்களில் வரும், இது கோடிகளில் வரும். மிச்சம் 4,200 மணிக்கு வேலை எங்கே என்று கேட்டேன். தம்பியிடம் பதில் இல்லை. பதில் இருந்திருந்தால் நான் வேறு மாதிரிப் பேசியிருப்பேன்.

பணத்துக்கு அப்பால் இன்னொன்றையும் அவரிடம் அழுத்திச் சொன்னேன். நிக்கல் தூள் நுரையீரலுக்கு ஆகாது. டைட்டானியம், அலுமினியத் தூள் பற்றிக்கொள்ளும், தண்ணீர் ஊற்றினால் இன்னும் சீறும். ஆர்கான் காற்றைவிடக் கனம், மணம் கிடையாது, கசிந்தால் பள்ளமான இடத்தில் தேங்கி ஆளை மயக்கி மூச்சை நிறுத்திவிடும். ஆக்சிஜன் அளவு காட்டும் அலாரம், மூச்சுக் கவசம், நில மின்னிணைப்பு, தனி அறை இவை எல்லாம் முதல் நாளிலிருந்தே இருக்கவேண்டும். லேத் பக்கத்தில் திரை கட்டி பிரிண்டரை வைப்பது, அங்கே வேலை செய்யும் பிள்ளைகளின் உயிரோடு விளையாடுவது. இதில் நான் யாரோடும் சமரசம் பேச மாட்டேன்.

ஆக, அவரிடம் சொன்ன வழி: உடம்பை ஏற்கெனவே அங்கீகாரம் உள்ள சர்வீஸ் நிறுவனத்தில் ஜாப் ஒர்க்காக அச்சிடுங்கள். ஸ்ட்ரெஸ் ரிலீவ் முடித்துப் பிளேட்டோடு உங்களிடம் வரட்டும், உங்கள் வயர்கட்டில் அறுங்கள். ஹிப்பும் ஏஜிங்கும் வெளியே. திரும்பி வந்ததும் முகங்களை உங்கள் விஎம்சியில் எடுங்கள், ஸ்லாட்டை வயர்கட்டில் போடுங்கள், 24 துளையை ஈடிஎம் டிரில்லில். அந்த மெஷின் உங்களிடம் இல்லை. கடன் வாங்குவதானால் அதற்கு வாங்குங்கள், துளை திறந்ததை உணரும் கன்ட்ரோலோடு. டை வேலைக்கும் அது தினமும் ஓடும். கடைசியில் துளையின் தோலை எலக்ட்ரோபாலிஷில் எடுத்து, ஒவ்வொரு பாகத்துக்கும் தண்ணீர் ஓட்டம் அளந்து எண் போட்டு அனுப்புங்கள்.

இந்த வழியில் பணத்தில் பெரும் பங்கு அச்சிடுபவருக்கும் உலைக்காரருக்கும் போகும். அது தம்பிக்கு உறுத்தியது, எனக்குப் புரிகிறது. ஆனால் பாகத்தைப் பாகமாக்கும் துல்லியம் முழுக்க அவர் கையில் இருக்கும். பெயரும் அவருக்கே. இதே உருவம் ஆண்டுக்கு நாலாயிரம் வந்தால், வளைவு இல்லாத வடிவமும் ஆனால், ஈசிஎம்மும் அதற்கான கழிவு ஏற்பாடும் போட்டுப் பார்க்கலாம். இது மாதிரி வேறு வேறு பத்துப் பாகம் ஒரே வாடிக்கையாளரிடமிருந்து தொடர்ந்து வந்தால் பிரிண்டர் பேச்சை மறுபடி எடுக்கலாம். எந்த வழியைப் பிடித்தாலும் முதல் ஆர்டருக்கு முன் எழுத்தில் வாங்கிக்கொள்ளவேண்டிய ஒன்று உண்டு. செய்முறை ஒருமுறை ஒப்புதல் ஆகிவிட்டால், துளையை ஈடிஎம்மிலிருந்து லேசருக்கு மாற்றுவதானாலும், தூள் சப்ளையரை மாற்றுவதானாலும், வாடிக்கையாளரின் ஒப்புதலை மறுபடி வாங்கவேண்டும். அந்தச் சோதனைச் செலவு யாருடையது என்பது முதலிலேயே தெளிவாக இருக்கட்டும்.

அச்சிடுபவரிடம் கேட்கவேண்டியதையும் ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். தூள் எத்தனையாவது முறை மறுபடி பயன்படுவது, ஆக்சிஜன் அளவு என்ன, பாகம் பிளேட்டில் எந்தக் கோணத்தில் நிற்கும், சப்போர்ட் எந்த முகத்தில் விழும், அதே பிளேட்டில் இழுவைச் சோதனைக்கான கம்பிகள் நிற்கவைத்தும் படுக்கவைத்தும் அச்சிடப்படுமா. கடைசிக் கேள்விக்கு இழுத்தடிப்பவரிடம் வேலை கொடுக்கவேண்டாம் என்றேன். அடுக்கின் திசைக்கு ஏற்ப பலம் மாறும் என்பது தெரிந்தவர் அதைக் கேட்காமலே செய்வார்.

கொட்டேஷனில் முதல் லாட் ஐந்து பாகம் என்று போடச் சொன்னேன், ஆறு அச்சிடச் சொன்னேன். இவ்வளவு தடித்த நிக்கல் கலவையை ஊடுருவி உள்ளே இருக்கும் சின்னக் குறையைக் காட்டுவது சாதாரண சிடி ஸ்கேனுக்குச் சிரமம். அதனால் ஆறாவதை எல்லா வேலையும் முடித்த பிறகு அவர் வயர்கட்டிலேயே நெடுக்காக இரண்டாய் அறுத்து, வழியின் கூரை எவ்வளவு தொங்கியிருக்கிறது, எதிர்ச்சுவரில் பொறி அடித்திருக்கிறதா, துளை வாயில் ஒயிட் லேயர் மிச்சமிருக்கிறதா என்று மைக்ராஸ்கோப்பில் பார்க்கவேண்டும். "ஒரு பீஸ முழுசா முடிச்சிட்டு அறுக்கறதுங்ளா?" என்று தம்பி தயங்கினார். ஆமாம் என்றேன், அந்த ஆறாவது பாகத்தின் விலையையும் கொட்டேஷனில் தனி வரியாகப் போட்டே அனுப்பினோம்.